கட்டினவருக்கே சுவர்

மில் சந்தில் வீடுகள் இடம் மாற ஆரம்பித்தது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணிக்கு, சோறு தின்ற மயக்கத்தில் சந்தே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தபோது. மூன்று மணிக்கு முகம் கழுவ வெளியே வந்தவர்கள் பார்த்தால், பஸ் ரோட்டு முனையில் இருந்த தையல்காரர் வீடு நடுவில் நின்றது, நடுவில் இருந்த வாத்தியார் வீடு குழாயடிக்குப் போயிருந்தது, முப்பது வருஷமாகக் குழாயடியில் முதல் வீடாக நின்ற ராஜபுஷ்பத்தின் வீடு ஒன்பதாவதாக நின்றது. அடுப்பு, பானை, பல்லி, கொடியில் காய்ந்த பாவாடை எல்லாம் வீட்டுக்குள் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தன. தையல்காரர் கொட்டாவி விட்டபடி, "இனிமே ஹாரன் சத்தம் தொல்லை இல்ல" என்றார். வாத்தியார் சம்சாரம் இவ்வளவு பக்கத்தில் குழாய் கிடைத்த சந்தோஷத்தில் உடனே இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ராஜபுஷ்பம் மட்டும்தான் அலறினாள். அவள் வீட்டின் மேற்குச் சுவரைக் காணோம்.

அலறினதில் நியாயம் உண்டு. மில் சந்து என்பது தோளோடு தோள் ஒட்டிய பதினான்கு ஓட்டு வீடுகள், ஒரே வரிசை; எதிரே மூடிப்போன பஞ்சு மில்லின் காம்பவுண்டு, மேற்கு முனையில் பஸ் ரோடு, கிழக்கு முனை முட்டுச் சந்து, அந்த முட்டில் சந்துக்கே ஒரே குழாய். குழாய்க்குப் பக்கத்து வீடு என்கிற ஒரே உரிமையில் ராஜபுஷ்பம் சந்தையே கைக்குள் வைத்திருந்தாள். எவள் குடம் முன்னால், எவள் குடம் பின்னால், எவள் இன்றைக்குக் குடம் கழுவாமல் வந்தாள், எவள் நேற்று இரண்டு குடம் கூடப் பிடித்தாள் என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல்தான், அதற்கு அப்பீல் கிடையாது. அவளிடம் வசவு வாங்காமல் ஒரு செம்பு தண்ணீர் பிடித்தவர் அந்தச் சந்தில் யாரும் இல்லை.

அந்தக் குழாயைவிடப் பெரிசு அவளுக்கு அந்தச் சுவர். அவளுடைய வீடும் இரண்டாவது வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. மாமனார் சாவதற்கு முன் நடுவில் அரைக்கல் சுவர் எழுப்பி, கிழக்குப் பாதி மூத்தவன் தவசிலிங்கத்துக்கு, மேற்குப் பாதி இளையவன் குருவலிங்கத்துக்கு என்று பத்திரம் எழுதினார். எழுதின மனுஷன் கடைசி வரியில், "நடுச்சுவர் கட்டினவருக்கே பாத்தியம்" என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கட்டினவர் யார்? என் புருஷன்தான் கட்டினார் என்றாள் ராஜபுஷ்பம். என் புருஷன்தான் என்றாள் சொர்ணக்கிளி, குருவலிங்கத்தின் பெண்டாட்டி. கேஸ் போட்ட மறுநாளே ராஜபுஷ்பம் ஆறங்குல ஆணி ஒன்றைத் தன் பக்கத்துச் சுவரில் அடித்து, பாத்தியதைக்குச் சாட்சியாக மாமனார் படத்தை மாட்டினாள். பதினோரு வருஷம் ஓடிப்போனது. குருவலிங்கம் நடுவில் செத்துப்போனான். தவசிலிங்கம் லாரி செட்டில் பாரம் கட்டிக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, அந்தச் சுவரோரம் கட்டிலில் கிடையாகி மூன்று வருஷம் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் சொர்ணக்கிளி கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றாள். கிரைண்டர் ஓடும்போதெல்லாம் ராஜபுஷ்பம் இந்தப் பக்கமிருந்து உலக்கையால் சுவரை இடிப்பாள். கேஸ் மட்டும் செத்துப்போகாமல் வாய்தா வாய்தாவாக உயிரோடு இருந்தது.

இப்போது வீடுகள் பிரிந்தபோது அந்தச் சுவர் யாரையும் கேட்காமல் சொர்ணக்கிளியின் வீட்டோடு போய்விட்டது. ஆணியும் மாமனார் படமும் அதோடு போயின. ராஜபுஷ்பத்துக்கு நெஞ்சு எரிந்தது. எந்த ஜட்ஜும் சொல்லாத தீர்ப்பை ஒரு செங்கல் சுவர் சொல்லிவிட்டுப் போவதா?

மறுநாளும் இரண்டரைக்கு வீடுகள் மாறின, அதற்கு மறுநாளும் மாறின, தினமும் மாறின. விழித்திருந்து பார்த்துவிட வேண்டும் என்று பலர் உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் கண் தானாகச் சொக்கியது. எருமை தோலைச் சிலிர்ப்பது போலத் தரையில் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான், எழுந்து பார்த்தால் அண்டை வீடு வேறு. முனிசிபாலிட்டியிலிருந்து ஆள் வந்து, ஏற்கெனவே பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் எழுதியிருந்த நிலைகளில் மூன்றாவதாக "இன்றைய எண்" என்று சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார். மின்சார ஆபீஸ்காரர் அண்ணாந்து பார்த்து, "ஒயரு நீளுது, மீட்டரு ஓடுது, எங்களுக்கு வேற என்ன வேணும்" என்றார். தபால்காரர் சந்து முனையில் நின்று பேர் சொல்லிக் கத்தினார். தையல்காரர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி தின்றது வாத்தியார் வீட்டில், பிடித்துப்போனது வாத்தியார் மகளை. அந்தக் கல்யாணம் தையில் நடந்து நன்றாகவே இருக்கிறார்கள். தையல்காரர் இன்றுவரை வாத்தியாரோடு பேசுவதில்லை.

சண்டைகள்தான் முதலில் தவித்துப்போயின. பக்கத்து வீட்டுக்காரியோடு பாதி போட்ட சண்டையை மறுநாள் எங்கே போய் முடிப்பது? கொஞ்ச நாள் ஆறு வீடு தாண்டிக் கேட்கும்படி கத்திப் பார்த்தார்கள், தொண்டை கட்டிக்கொண்டது. அப்புறம் வசவை அஞ்சல் செய்யப் பழகினார்கள்: "நாளைக்கு அவ உன் பக்கத்துல வந்தா, உன் மூஞ்சில என் வெளக்கமாறுன்னு சொன்னேன்னு சொல்லிரு." வந்தவளும் அதை வரி பிசகாமல் சொல்லி, பதிலை வாங்கி வைத்துக்கொள்வாள். இப்படி எல்லார் பகையும் எல்லாருக்கும் பொதுவாகிப்போய், யாரை எதற்காக வெறுத்தோம் என்பது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. குழாயும் அப்படித்தான், அன்றன்றைக்கு எவள் வீடு பக்கத்தில் வருகிறதோ அவள் அன்றைக்குக் குழாய்க்காரி. சொர்ணக்கிளியின் வீடு அங்கே வரும் நாட்களில் அந்தக் கிழக்குச் சுவரில் மாமனார் படம் குழாயடியை முறைத்துக்கொண்டு தொங்கும், பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர் பிடிப்பார்கள்.

ராஜபுஷ்பத்துக்கு ஒன்றும் மறக்கவில்லை. கொத்தனாரைக் கூட்டி வந்து மேற்கே புதுச்சுவர் எழுப்பினாள். இரண்டரைக்கு வீடு போனது, புதுச்சுவர் எழுப்பின இடத்திலேயே நின்றுகொண்டது, தையல்காரர் வீடு அங்கே வந்து சேர்ந்தபோது அவருடைய அடுப்படிக்கு நட்டநடுவில் நின்றது. தையல்காரர் மிஷின் எண்ணெய் வாடையோடு வந்து கத்தினார், அவளும் கத்தினாள், சுவரை இடித்தார்கள். மறுபடி எழுப்பினாள், மறுபடி இடித்தார்கள். சேலையைக் கட்டி மறைத்துப் பார்த்தாள். எதைக் கட்டினாலும் மேற்கே தினம் ஒரு வீட்டுச் சுவர் அவளைக் கேட்காமல் வந்து நின்றது: ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சாணி மெழுகினது, ஒரு நாள் ஜன்னலும் அந்த ஜன்னலில் வாத்தியார் சம்சாரத்தின் மூஞ்சியும்.

கிடையில் கிடந்த தவசிலிங்கம் இதில் கொழுத்தார். மூன்று வருஷம் ஒரே சுவரையும் அப்பா படத்தையும் பார்த்துக் கிடந்த மனுஷனுக்குத் தினம் ஒரு பக்கத்து வீடு. குழறல் பேச்சு ராஜபுஷ்பத்துக்கு மட்டும்தான் புரியும் என்றிருந்தது போய், வாத்தியார் சம்சாரத்துக்கும் தையல்காரருக்கும் புரிய ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்ததும், "இன்னிக்கு யாரு வருவா?" என்று வலது கையால் கட்டிலைத் தட்டுவார்.

"ஒங்களுக்கு வேடிக்கையா இருக்கு. வீடு தொறந்து கெடக்கு, தெருநாய் மாதிரி அலையுது. பஸ் ரோட்டு முனைக்குப் போச்சுன்னா ஊரே உள்ள பாக்கும்."

"அலையட்டும் புஷ்பம். நாமளா தூக்கிச் சொமக்கோம்?"

அவளுக்கு அந்தப் பேச்சே வேப்பங்காயாகக் கசந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள், மூன்று மணிக்குக் கண் விழித்தால், மேற்கே சொர்ணக்கிளியின் வீடு. சுவர் தன் பழைய தடத்தில் வந்து பொருந்தியிருந்தது, ஆணியில் மாமனார் கட்டிலைப் பார்த்தபடி தொங்கினார், அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடியது. ராஜபுஷ்பம் ஒரு நிமிஷம் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு பரணிலிருந்து புருஷனின் லாரிக் கயிற்றை இறக்கினாள், பருத்திப் பாரம் கட்டுகிற பெருவிரல் பருமன் கயிறு. வெளியே வந்து தன் ஜன்னல் கம்பியிலும் சொர்ணக்கிளியின் ஜன்னல் கம்பியிலும் கோர்த்து, இரண்டு வீட்டையும் சேர்த்து இறுக்கினாள். தவசிலிங்கம் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்த முடிச்சு அது, எத்தனை டன் பாரத்தையும் தாங்கும், வாலை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும். அவிழும் என்கிற அந்த ஒரு குணம் பிடிக்காமல் அதன் மேல் ஆறு முடிச்சுப் போட்டாள்.

சொர்ணக்கிளி மாவுக் கையோடு ஜன்னலுக்கு வந்தாள். "ஏ மூத்தவளே, என்ன பண்ற?"

"கட்டுறேன். பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? கட்டினவருக்கே சுவரு. நல்லாப் பாத்துக்க, கட்டினவ நானு."

"புத்தி பெரண்டு போச்சா ஒனக்கு? கட்டுறதுன்னா கயித்தக் கட்டுறதா?"

"எந்தக் கட்டுன்னு மாமனார் எழுதலையே."

சொர்ணக்கிளி காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையிலிருந்து ராஜபுஷ்பம் முடிச்சுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் புருஷனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி வந்து காவல் இருந்தாள்.

இரண்டரைக்கு அன்று யாருக்கும் கண் சொக்கவில்லை. தரை சிலிர்த்தது, அடங்கவில்லை. இரண்டு வீடுகள் போக மாட்டாமல் நின்றதால் மற்ற பன்னிரண்டும் இடமில்லாமல் ஒன்றையொன்று தோளால் இடித்தன. கூரைச் சட்டங்கள் முறுகின, பாத்திரங்கள் உருண்டன, சந்தே முதன்முறையாகத் தன் வீடுகள் நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தது. எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள்.

"அவுத்து விடு!" என்றார் தையல்காரர்.

"மாட்டேன்."

"எங்க வீடெல்லாம் விழுந்துரும்டி பாவி!" என்று வாத்தியார் சம்சாரம் மண்ணை வாரித் தூற்றினாள். நாற்பத்து நாலு நாளாக ஊர் முழுக்கச் சுற்றியலைந்த அத்தனை வசவும் விலாசம் கண்டுபிடித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ராஜபுஷ்பம் எதற்கும் அசையாமல் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிறு வீணைத் தந்தியாக விறைத்து முனகியது.

அப்போது அவள் வீட்டுக்குள் ஓடுகள் சரிகிற சத்தம் கேட்டது. தையல்காரர் கதவைத் தள்ளினார், நிலை கோணி இறுகிவிட்டிருந்தது. மேற்குப் பக்கம் திறந்திருந்தால் ஆளை அப்படியே தூக்கியிருக்கலாம். அங்கே அவள் ஆசைப்பட்ட சுவர் நின்றது. ஜன்னலுக்குள் கட்டிலில் தவசிலிங்கம் புழுதி படிந்து கிடந்தார்.

"புஷ்பம்."

"பயப்படாதீக. இன்னும் செத்த நேரம். நின்னுரும்."

"இந்தச் சுவரக் கட்டினது தம்பிதான்."

அவள் கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"கொத்தனாரு வரல அன்னிக்கு. அவன்தான் கல்லு வச்சான். நான் நூலு புடிச்சேன், அம்புட்டுத்தான்."

"கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னீகளே!"

"நீ எழுதிக் குடுத்த, நான் சொன்னேன். என்னிய எங்க பேசவிட்ட?"

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினோரு வருஷம் கோர்ட்டு வாசலில் காய்ந்தது, உலக்கையால் இடித்தது, கொழுந்தன் பிணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காமல் இருந்தது எல்லாம் ஒரு நூல் பிடித்த கைக்காகவா! "யாரு வேணா கட்டியிருக்கட்டும், இப்பக் கட்டினது நான்" என்று அவள் கத்தி முடிப்பதற்குள் ஒரு ஓடு விழுந்து அவர் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ள வலது கையைத் தூக்கினார், அதன் மேல் இன்னொரு ஓடு விழுந்தது.

ராஜபுஷ்பம் முடிச்சின் மேல் பாய்ந்தாள். நகம் பிய்ந்தது, பல்லால் கடித்து இழுத்தாள், மேலே போட்ட ஆறு முடிச்சும் கல்லாகியிருந்தன.

"வால இழு" என்றார் அவர்.

"வரமாட்டேங்குதே!"

"ஒரு முடிச்சுத்தான நான் சொல்லிக் குடுத்தேன். மிச்சம் ஆரு சொல்லிக் குடுத்தா?"

பக்கத்து ஜன்னலின் கம்பிகளுக்கு நடுவே ஒரு அரிவாள்மணை நீண்டது. அதைப் பிடித்திருந்த கையில் மாவு காய்ந்திருந்தது. சொர்ணக்கிளியின் கதவும் திறக்கவில்லை, அவளும் உள்ளேதான் மாட்டியிருந்தாள்.

"இந்தா, அறு. அறுத்துத் தொல."

அந்தக் கையிலிருந்து ஒரு பொருளை ராஜபுஷ்பம் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வாங்கினாள். முக்காலியின் மேல் அரிவாள்மணையைக் கிடத்தி, அதன் பலகையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, கயிற்றின் இந்தப் பக்கத்தில் ஒரு கையும் அந்தப் பக்கத்தில் ஒரு கையும் போட்டு, சந்தே சுற்றி நின்று பார்க்க, பூசணிக்காய் நறுக்குவது போல அழுத்தி அழுத்தி அறுத்தாள். புரி புரியாக விட்டது. கடைசிப் புரி தெறித்தபோது அவள் மல்லாக்க விழுந்தாள், அவள் வீடு புருஷனோடு அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. ஒரு அறுந்த முனை மட்டும் கையில் இருந்தது.

வீடு மேற்கு முனையில் போய் நின்றது. அவள் ஓடி வந்து சேர்ந்தபோது, சுவரில்லாத பக்கம் பஸ் ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது. இந்த ஒரு இடம் மட்டும் வாய்த்துவிடக் கூடாது என்றுதான் அவள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். டவுன் பஸ் ஒன்று நின்றிருந்தது, அத்தனை ஜன்னலும் அவள் அடுப்படியை, அவள் உலர்த்தின துணியை, அவள் புருஷனைப் பார்த்தன. அவர் ரத்தம் வழிகிற முகத்தோடு டிரைவருக்குக் கையைத் தூக்கி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அவள் சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். மறைப்புக் கட்டுவதற்கு இன்னொரு சேலையை எடுத்தபோது, "வேணாம்" என்றார். அவள் அதை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் சந்து அவளைச் சும்மா விடவில்லை. குழாயடிக்குப் போனபோது பெண்கள் அவள் குடத்தைக் காலால் தள்ளிக் கடைசியில் வைத்தார்கள். முகத்துக்கு நேராகவே திட்டினார்கள், அஞ்சல் எல்லாம் கிடையாது. அவள் கடைசியில் நின்று கடைசிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் இரண்டே காலுக்குச் சொர்ணக்கிளி வந்தாள். கதவுக்குக் காத்திராமல், பஸ் ரோட்டுப் பக்கமாகவே உள்ளே ஏறி, மாமனார் படத்தைக் கட்டிலில் போட்டாள். அதன் மேல் துருப்பிடித்த ஆறங்குல ஆணியைப் போட்டாள்.

"இந்தா ஒன் சொத்து. பிடுங்கியாச்சு. அத்தான், காயம் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார் தவசிலிங்கம்.

"இந்த ஆணி முனை எம்பக்கம் ரெண்டு விரக்கட நீட்டிக்கிட்டு இருந்துச்சு பதினோரு வருசமா. அதுலதான் காலண்டர் மாட்டியிருந்தேன். நேத்து நீ பண்ணின கூத்துல ஆணி ஆடிப்போச்சு. இனிமே நான் காலண்டர எதுல மாட்டுறது?"

ராஜபுஷ்பத்துக்கு உச்சி மண்டை வரை ஏறியது. அவள் வஞ்சம் வைத்து அடித்த ஆணியில் அந்தப் பக்கம் ஒருத்தி பதினோரு வருஷமாகத் தேதி கிழித்திருக்கிறாள்! ஆணியை எடுத்துச் சொர்ணக்கிளியின் காலடியில் வீசினாள்.

"எடுத்துட்டுப் போ. ஒன் சுவத்துல நீயே அடிச்சுக்க!"

சொர்ணக்கிளி குனிந்தவள் பாதியில் நின்றாள். "என்ன சொன்ன?"

தவசிலிங்கமும் தலையைத் திருப்பினார். ராஜபுஷ்பத்துக்குத் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அப்போதுதான் காதில் விழுந்தது. அள்ளிப் போட்டுக்கொள்ள ஒரு கணம் இருந்தது. அவள் அள்ளவில்லை.

"கிரைண்டர் ஓட்டி ஓட்டிக் காது அடைஞ்சு போச்சா? ஒன் சுவத்துல அடிச்சுக்கன்னேன். இன்னும் எத்தனை தரம் சொல்லணும்? ஒன் சுவரு. ஒன் சுவரு. போதுமா? இப்ப வெளிய போ, மணியாகப் போகுது, ஒன் வீடு போயிரும்."

சொர்ணக்கிளி ஆணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மூக்கை உறிஞ்சினாள், அழுதாள் என்று சொல்ல முடியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டு, ராஜபுஷ்பத்துக்கு முதுகைக் காட்டிக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ராஜபுஷ்பம் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தவசிலிங்கம் கட்டிலைத் தட்டி, "இன்னிக்கு யாரு வருவா?" என்றார்.

"தெரியாது" என்றாள் ராஜபுஷ்பம், வெடுக்கென்று.

தரை சிலிர்த்தது. மூன்று பேருக்கும் கண் சொக்கியது, வீடு கிளம்பியது.